விவாத மேடையிலிருந்து நாவலுக்கு: சாலி ரூனி

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாடநூலில் படத்தோடு இடம்பெற்ற பெயர்கள்தான் பெரும்பாலும் பதிலாக வரும். அவர்களில் பலர் மறைந்துவிட்டவர்கள். எழுத்தாளர் என்றால் எப்போதோ வாழ்ந்தவர், பிறவியிலேயே மேதை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் எப்படியோ பதிந்துவிடுகிறது. இன்று நம்மோடு வாழ்ந்து, இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் இளைய எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையை அவர்களுக்குச் சொன்னால் அந்த எண்ணம் கொஞ்சமாவது அசையும். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான் அதற்குத் தேர்ந்தெடுத்தவர், அயர்லாந்து நாட்டு நாவலாசிரியர் சாலி ரூனி.

சாலி ரூனி 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று பிறந்தவர். 26 வயதில் முதல் நாவல், 27 வயதில் இரண்டாவது நாவல். இரண்டாவது நாவல் வந்த கையோடு உலகம் முழுவதும் பேசப்படும் எழுத்தாளர் ஆகிவிட்டார். பத்திரிகைகள் அவரைத் திடீரென்று தோன்றிய நட்சத்திரம் என்ற பாணியில் எழுதின. ஆனால், அவருடைய பன்னிரண்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமானது அந்தக் கதைதான்.

சிற்றூரில் ஒரு கலை மையம்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் மேயோ என்று ஒரு மாவட்டம். அதன் தலைநகரம் காசில்பார் என்னும் சிறிய ஊர். தலைநகரமான டப்ளின் அங்கிருந்து நாட்டின் மறுகோடியில், கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. ரூனி பிறந்து வளர்ந்தது காசில்பாரில்தான். தந்தை அரசின் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தாய் அந்த ஊரிலுள்ள லினன்ஹால் கலை மையத்தை நடத்தியவர். நாடகம், இசை, ஓவியக் கண்காட்சி, குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் என்று ஊர் மக்களுக்காக இயங்கும் பொது இடம் அது.

அந்தக் கலை மையத்தில் எழுத ஆர்வமுள்ளவர்கள் கூடும் குழு ஒன்று இருந்தது. பள்ளி மாணவியாக இருந்தபோதே ரூனி அதில் சேர்ந்தார். எழுதியதை எடுத்துச் சென்று மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவது, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது, அவர்கள் எழுதியதைப் பற்றித் தான் கருத்துச் சொல்வது என்று அந்தப் பழக்கம் தொடர்ந்தது. பதினைந்து வயதில் ஒரு முழு நாவலையே எழுதி முடித்துவிட்டார். அது வெறும் குப்பை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் அதை வெளியிடவும் இல்லை.

அந்தக் குப்பைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நாவலைத் தொடங்கி, நடுவில் விட்டுவிடாமல் இறுதிவரை கொண்டுபோன அனுபவம் பதினைந்து வயதிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. எழுதியதைக் கேட்க நாலு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் அச்சேறியது கவிதை

டப்ளினிலிருந்து ‘தி ஸ்டிங்கிங் ஃப்ளை’ என்ற இலக்கிய இதழ் வருகிறது. ‘கொட்டும் ஈ’ என்று பொருள். 1997இல் தொடங்கப்பட்ட இந்த இதழ், புதிதாக எழுத வருபவர்களுக்கு இடம் கொடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. 2010இல் ரூனியின் கவிதைகள் அதில் வெளியாயின. அப்போது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை.

அயர்லாந்தில் இத்தகைய இதழ்கள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 1951இல் அந்நாட்டு அரசு கலை மன்றம் ஒன்றை அமைத்தது. இலக்கிய இதழ்கள், கலை மையங்கள், எழுத்தாளர்கள் ஆகியோருக்கு நிதி உதவி செய்வது அதன் பணி. எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கள் படைப்புகளால் பெறும் வருமானத்துக்கு 1969 முதல் வரிவிலக்கும் உண்டு. இப்போது அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. சின்னஞ்சிறு நாடான அயர்லாந்திலிருந்து தலைமுறை தலைமுறையாக எழுத்தாளர்கள் வருவதற்கு இந்த ஏற்பாடுகளும் ஒரு காரணம்.

ரூனி பிற்காலத்தில் அதே இதழுக்கு 2018இல் ஆசிரியராகப் பொறுப்பேற்று, புதியவர்களின் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். தன்னை ஏற்றிவிட்ட ஏணியை அடுத்தவருக்காகப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

மேடையில் கிடைத்த வெற்றி

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் விரும்பினால் எழுதக்கூடிய ஒரு கடினமான தேர்வு உண்டு. அதில் தேறுபவர்களுக்குக் கட்டணச் சலுகை, வளாகத்திலேயே இலவசத் தங்குமிடம், இரவு உணவு எல்லாம் சில ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 2011இல் ரூனி அந்த உதவித்தொகையைப் பெற்றார். பின்பு அமெரிக்க இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கல்லூரியில் அவர் அதிகம் ஈடுபட்டது விவாதப் போட்டிகளில்தான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அந்தப் போட்டிகளின் முறை நம்முடைய பேச்சுப் போட்டிகளிலிருந்து மாறுபட்டது. பேசுவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்புதான் தலைப்பை அறிவிப்பார்கள். ஆதரித்துப் பேசுவதா எதிர்த்துப் பேசுவதா என்பதைப் பேச்சாளர் முடிவு செய்ய முடியாது, ஒதுக்கீடு செய்துவிடுவார்கள். ஓர் அணிக்கு இரண்டு பேர். ஒரு போட்டியில் நான்கு அணிகள். ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். யாருடைய வாதம் வலுவாக இருந்தது என்று நடுவர்கள் வரிசைப்படுத்துவார்கள்.

2013இல் நடந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கான விவாதப் போட்டியில் ரூனி முதன்மைப் பேச்சாளராகத் தேர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. சிற்றூரிலிருந்து வந்த பெண், ஒரு கண்டம் முழுவதிலிருந்தும் வந்த பேச்சாளர்களில் முதலிடம் பெற்றார். இப்படி ஒரு மாணவி நம் பள்ளியில் இருந்தால் என்ன செய்வோம்? அடுத்த போட்டிக்குத் தயார் செய்வோம். ரூனி அதற்குள் மேடையை விட்டே விலக முடிவெடுத்திருந்தார்.

ஏன் விலகினார் என்பதை ஒரு கட்டுரையாக எழுதினார். ‘தி டப்ளின் ரிவியூ’ என்ற இதழில் 2015இல் அது வெளியானது. சிந்தனை தடையின்றி ஓடும்போது கிடைக்கும் பரவசம், கைதட்டல், வெல்லும் ஆசை ஆகிய எல்லாவற்றையும் அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். கூடவே, தன்னை உறுத்திய ஒன்றையும் சொல்கிறார். வறுமையில் இருப்பவர்கள், ஒடுக்கப்படுபவர்கள் ஆகியோரின் துன்பம் போட்டிக்கான தலைப்பாக வருகிறது. எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் அந்தப் பக்கத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் நியாயம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஏழைக்குக் கேடு விளைவிக்கும் ஒன்றை ஏழைக்கு நல்லது என்று சாமர்த்தியமாக நிறுவிவிட்டுக் கோப்பையோடு திரும்புவது, அறத்துக்குப் பொருந்தாத செயலாக அவருக்குத் தோன்றத் தொடங்கியது.

இலக்கிய முகவர் ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ரூனியிடம் ஒரு நாவலின் கைப்பிரதி இருந்தது. முதுகலை படித்த காலத்தில், மூன்றே மாதங்களில் ஒரு லட்சம் சொற்கள் எழுதிக் குவித்த பிரதி அது. படிப்பு முடிந்து ஓர் உணவகத்தில் அலுவலகப் பணி செய்து வாழ்ந்த நாள்களும் அவர் வாழ்க்கையில் உண்டு. கைப்பிரதியை வெளியிடுவதற்கு ஏழு பதிப்பகங்கள் போட்டி போட்டன.

நான்கு நாவல்கள்

முதல் நாவல் ‘கான்வர்சேஷன்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்’ 2017இல் வெளியானது. பெயருக்கு ஏற்றபடி நண்பர்களின் உரையாடல்களால் ஆன நாவல். டப்ளினில் படிக்கும் இரண்டு மாணவிகளும் அவர்களைவிட மூத்த ஒரு தம்பதியும்தான் முக்கியப் பாத்திரங்கள்.

இரண்டாவது நாவல் ‘நார்மல் பீப்பிள்’ 2018இல் வந்தது. ‘சாதாரண மனிதர்கள்’ என்று சொல்லலாம். புக்கர் பரிசுக்கான நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆண்டின் கோஸ்டா நாவல் விருதையும் பெற்றது. அந்த விருதைப் பெற்றவர்களில் மிக இளையவர் ரூனிதான். 2020இல் தொலைக்காட்சித் தொடராக வந்து மேலும் பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. இந்த நாவலின் இரண்டு முக்கியப் பாத்திரங்களும் 2016இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையிலேயே தோன்றிவிட்டவர்கள். சிறுகதையில் அவர்கள் இருபதுகளில் இருக்கிறார்கள். நாவலில் அவர்களுடைய பள்ளி நாள்களுக்குத் திரும்பிப் போகிறார் ரூனி.

மூன்றாவது நாவல் ‘பியூட்டிஃபுல் வேர்ல்ட், வேர் ஆர் யூ’ 2021இல் வெளியானது. சின்ன வயதில் பெரும் புகழ் பெற்றுவிட்ட ஒரு பெண் நாவலாசிரியர், அந்தப் புகழைச் சுமக்க முடியாமல் தவிப்பது அதில் வருகிறது. நான்காவது நாவல் ‘இன்டர்மெட்ஸோ’ 2024இல் வந்தது. தந்தையை இழந்த இரண்டு சகோதரர்கள் பற்றியது. மூத்தவர் வழக்கறிஞர், மாணவப் பருவத்தில் விவாதப் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்தவர். இளையவர் சதுரங்க ஆட்டக்காரர். ஒரு சிற்றூர்க் கலை மையத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேருடன் அவர் சதுரங்கம் ஆடும் நிகழ்ச்சி நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. அந்தக் கலை மையத்தில் பணிபுரியும் பெண்ணும் ஒரு முக்கியப் பாத்திரம். காசில்பாரின் கலை மையமும் விவாத மேடையும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ரூனியின் எழுத்துக்குள் இருப்பதை இங்கே பார்க்கிறோம்.

மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ரூனியின் நாவல்களில் உரையாடல்கள் நிரம்பி வழிகின்றன. ஆனால் மேற்கோள் குறிகளே கிடையாது. யார் பேசுகிறார், எது பேச்சு, எது மனத்துக்குள் ஓடும் எண்ணம் என்பதைச் சொற்களின் போக்கிலிருந்தே வாசகர் பிரித்தறிந்துகொள்கிறார். மாணவரின் கட்டுரையில் நிறுத்தக்குறி விடுபட்டால் நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம், அது நம் கடமை. தெரிந்தே விடுவதற்கும் தெரியாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மேல்நிலை வகுப்பில் விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

நாம் படிக்க வேண்டிய ஒரு நாவல்

ரூனியின் நாவல்கள் பெரியவர்களுக்கானவை. பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நூல்கள் அல்ல. ஆனால் ‘நார்மல் பீப்பிள்’ நாவலை ஆசிரியர்கள் படித்தால், தங்கள் வகுப்பறையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க முடியும்.

கானல், மேரியேன் இருவரும் ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்கள். மேரியேனின் வீடு வசதியானது. அந்த வீட்டைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர் கானலின் தாய். பள்ளியில் கானலை எல்லோருக்கும் பிடிக்கும், விளையாட்டிலும் கெட்டிக்காரன். மேரியேன் யாரோடும் ஒட்டாதவள். வகுப்பில் சன்னலுக்கு வெளியே பார்த்ததற்காக அவள் கண்டிக்கப்படுகிறாள். தினமும் சீருடை அணிய வேண்டும், நாள் முழுவதும் ஒரே கட்டடத்துக்குள் இருக்க வேண்டும், கண்ணைக்கூடத் தன் விருப்பப்படி திருப்ப முடியாது, இது என்ன வாழ்க்கை என்று அவளுக்குத் தோன்றுகிறது. அவளுடைய வீட்டில் நடக்கும் வன்முறையைப் பள்ளியில் யாரும் அறியவில்லை.

இருவரும் டப்ளினுக்குப் படிக்கப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. மேரியேனைச் சுற்றி நண்பர்கள் கூட்டம். கானல் தனித்துப் போகிறான். இலக்கிய வகுப்பில் மற்ற மாணவர்கள் கணீரென்று கருத்துச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் அந்தப் புத்தகத்தையே படிக்கவில்லை என்பது கானலுக்கு மெல்ல மெல்லத்தான் புரிகிறது. அவனோ ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். வசதியான வீட்டில் பிறந்தவர்களுக்குத் தானாகவே வந்துவிடும் அந்தத் துணிச்சல் அவனிடம் இல்லை. பிறகு உதவித்தொகைத் தேர்வில் இருவரும் வெல்கிறார்கள். மேரியேனுக்கு அது ஒரு பெருமை. கானலுக்கு அது வாடகைக் கவலை தீர்வது, வெளியூர்களைப் பார்ப்பது, உலகம் தன் கைக்கு எட்டுவது. பணம் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது என்பதை அந்தப் பகுதியைப் போல எளிமையாகச் சொன்ன எழுத்தை நான் அதிகம் படித்ததில்லை.

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் அனுப்பி வைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர், கல்லூரியின் முதல் ஆண்டில் ஏன் சுருங்கிப் போகிறார் என்று கவலைப்பட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கானல் நமக்குக் காட்டுகிறான். கல்லூரிக்குப் போகும் முன்பே, நன்றாகப் பேசுவதும் நன்றாகப் படித்திருப்பதும் ஒன்றல்ல என்று அவர்களிடம் சொல்லி அனுப்பலாம்.

எழுத்துக்கு வெளியே

ரூனி விளம்பரத்தை விரும்பாதவர். திருமணமாகி மேயோ மாவட்டத்திலேயே வாழ்கிறார். அவருடைய கணவர் ஒரு கணித ஆசிரியர். அரசியலில் தன்னை மார்க்சியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். 2021இல் தன் மூன்றாவது நாவலின் ஹீப்ரு மொழிபெயர்ப்பு உரிமையை ஓர் இஸ்ரேலியப் பதிப்பகத்துக்குத் தர மறுத்தார். பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவான புறக்கணிப்பு இயக்கத்தை அதற்குக் காரணமாகச் சொன்னார். இதைப் பாராட்டியவர்களும் உண்டு, கண்டித்தவர்களும் உண்டு. அவருடைய நிலைப்பாட்டை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஒதுக்கப்பட்ட பக்கத்துக்காகப் பேசுவதை 22 வயதில் நிறுத்தியவர், தான் நம்புவதற்காக மட்டும் பேசுகிறார் என்ற தொடர்ச்சி அதில் தெரிகிறது.

நம் வகுப்பறைக்கு

விவாதமே வேண்டாம் என்பதா இதன் பொருள்? இல்லை. ரூனியின் பாத்திரங்கள் இவ்வளவு கூர்மையாகப் பேசுவதற்கு அந்த மேடைப் பயிற்சியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் யோசிக்கத் தெரிவது நல்ல திறன். அதோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, கை அசைவு உட்படப் பழகி, பரிசு வாங்கும் பிள்ளைக்கு அந்தத் தலைப்பில் தனக்கென்று ஒரு கருத்து உண்டா என்று நாம் கேட்பதில்லை. மேடை ஏறாத பிள்ளையிடமோ எதையுமே கேட்பதில்லை.

என் வகுப்பில் நான் செய்துவரும் சிலவற்றைப் பகிர்கிறேன். முதலாவது, விவாதத்துக்கு மறுநாள் எழுதுவது. ‘பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரலாமா’ என்று ஒரு நாள் விவாதம். சீட்டுக் குலுக்கிப் பக்கம் ஒதுக்குவேன். மறுநாள் பக்கம் கிடையாது. அந்தத் தலைப்பால் பாதிக்கப்படும் ஒருவராக மாறி ஒரு பக்கம் எழுத வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியில் கைபேசிக்குப் பணம் கட்டும் அம்மா, ஒரே கைபேசியை அண்ணனோடு பங்கு போடும் தங்கை, ஆளில்லாத வீட்டில் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பாட்டி என்று பாத்திரங்கள் வருவார்கள். விவாதத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் இரண்டாம் நாளில் மளமளவென்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, காசில்பாரில் இருந்தது போன்ற ஒரு சிறு குழு. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஐந்தாறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து எழுதியதைப் படிப்பார்கள். கேட்பவர்கள் முதலில் தங்கள் மனத்தில் நின்ற காட்சியைச் சொல்ல வேண்டும். பிறகு புரியாத இடத்தைக் கேட்க வேண்டும். நன்று, சுமார் என்ற தீர்ப்பு கூடாது. ஆசிரியரும் எழுதிக்கொண்டு வந்து படித்தால் குழுவுக்கு உயிர் வந்துவிடும்.

மூன்றாவது, அச்சில் பெயர் பார்ப்பது. நம் துறையே மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை நடத்துகிறது. படைப்புகளை அனுப்பி வைக்கலாம். அதோடு வகுப்பளவில் ஒரு கையெழுத்து இதழும் தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டும் ஒரு மாணவ ஆசிரியர் குழுவும் இருந்தால் போதும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் ரூனியின் வழியில் ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு பாத்திரத்தைத் திரும்ப அழைப்பது. இந்த வாரம் ஒரு காக்கையைப் பற்றி மூன்று வரி எழுதிய குழந்தை, அடுத்த வாரம் அதே காக்கை மழையில் என்ன செய்தது என்று எழுதட்டும். அதற்கடுத்த வாரம் அந்தக் காக்கை குஞ்சாக இருந்த கதை. மூன்று வாரத்தில் குழந்தையிடம் ஒரு பாத்திரம் உருவாகியிருக்கும்.

சாலி ரூனிக்கு வாய்த்தவற்றில் நம்மால் தர முடியாதவை உண்டு. கலை மையம் நடத்தும் தாய் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எழுதியதைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு சிறு கூட்டம், பெயரை அச்சில் காட்டும் ஓர் இதழ், மோசமாக எழுதினாலும் முழுவதும் எழுதி முடிக்க அனுமதிக்கும் ஓர் இடம் ஆகியவற்றைத் தருவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்த வாரக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கிப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை முதலில் அழையுங்கள்.